எட்டாம் நம்பர் கால்

எட்டாம் நம்பர் கால் எல்லோருக்கும் அமைந்துவிடாது, மேடம். உங்களுக்கு ஐந்தரை இருக்கும். போட்டிருக்கிற பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது, நடக்கும்போது குதிகால் தூக்குகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி சாம்பிள் ரூமிலேயே தலை நரைத்தவன் நான். எதிரே யார் வந்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும், அப்புறம்தான் முகம்.

எங்கள் தொழிலில் ஆண்களுக்கான புது மாடல் எது வந்தாலும் முதல் ஜோடியை எட்டாம் நம்பரில்தான் செய்வோம். அதை வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்பும் முன்னால் உயிருள்ள ஒரு காலில் மாட்டிப் பார்த்தாக வேண்டும். எட்டு என்றால் வெறும் நீளம் இல்லை. அகலம் ஜாஸ்தியாக இருக்கக் கூடாது, மேல்பாதம் தூக்கலாக இருக்கக் கூடாது, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கக் கூடாது. கம்பெனி முழுக்கத் தேடினாலும் அப்படி நாலு கால் தேறாது. என் கால் ஒன்பது, பலகை மாதிரி. வசந்துக்கு அளந்து வார்த்த கால்.

அவன் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். சாம்பிள் தயாரானதும் நான் ஆள் அனுப்புவேன். "இன்னாடா பரந்தா, இன்னைக்கு எந்த நாட்டுக்காரன்?" என்று கேட்டுக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டுவான். நான் கீழே உட்கார்ந்து மாட்டிவிட்டு லேஸ் கட்டுவேன். அவன் ரூமுக்குள் நாலு தடவை நடந்துவிட்டு எங்கே கடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று சொல்வான். என்ன மாட்டுகிறேன் என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. என் கையால் வந்த ஷூ என்றால் அவனுக்குப் போதும்.

காணும் பொங்கலன்று ஜவ்வாது மலையில் அவன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். முழுசாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அடிக்கடி தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டியதில்லை. எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள், அன்றைய நாளை ஒரு கெட்ட நாள் மாதிரி எழுதிவிடாதீர்கள். முக்கால்வாசி நாள் மிக நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் இருவரும் மாதனூர். ஒரே வருஷம் கம்பெனியில் சேர்ந்தோம். கம்பெனி பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேல் இருக்கிற சீட்டு எங்களுடையது. குலுங்கும், அதனால் யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். காலையில் அவன் ஜன்னல் பக்கம், மாலையில் நான். இத்தனை வருஷத்தில் நான் தனியாகப் பஸ் ஏறிய நாள் அவனுக்குக் கல்யாணம் ஆன வாரமும் அம்மை போட்ட வாரமும்தான். எனக்கும் வீட்டில் மோகனா இருக்கிறாள், நல்ல பெண்தான். ஆனால் வீட்டில் இருக்கிறவர்களோடு பேச என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

கார்த்திகை மாசம் ஒரு மதியம் கேன்டீனில் கலீமுல்லா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். அவன் கட்டிங் பிரிவு. பொங்கல்தோறும் நாங்கள் போகிற மலையேற்றத்தில் மூன்றாவது ஆள், சாப்பாட்டில் முதல் ஆள்.

"இன்னா பரந்தா, தோஸ்த் கெளம்பறான். பார்ட்டி எப்போ?" என்றான். 

"யாரு கெளம்பறான்?"

"அட, உனக்குத் தெரியாதா? வசந்த்தான். எத்தியோப்பியாவுல ஷூ கம்பெனி. பொங்கல் முடிஞ்சதும் ஃப்ளைட்டு. சம்சாரம் ஹேமலதாவும் கூடப் போவுது."

நான் சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கழுவி வைத்தேன். ஸ்டிச்சிங் லைனுக்குப் போய் அவனுக்குக் கை கொடுத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னே தெரியலடா. பேஜாராப் பூட்ச்சி" என்றான். எல்லாருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியில் எனக்குச் சொல்ல அவனுக்குப் பேஜார். எனக்கு வலித்தது மேடம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அன்று மாலை பஸ்ஸில் அவன் எத்தியோப்பியாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான், நான் ஜன்னல் வழியாகப் பாலாற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பொறாமை என்று உங்கள் ஏட்டையா சொன்னார். அவர் பெரியவர், நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அவன் இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரியம் வைத்திருக்கிற யாரும் இதைத்தான் நினைப்பார்கள். 

கணுக்கால் ஒன்று பிசகினால் போதும் என்று தோன்றியது. ஒரு மாசம் கட்டு, ஒரு மாசம் ஓய்வு. எத்தியோப்பியாக்காரன் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டான், வேறு ஆளை எடுத்துவிடுவான். வசந்த் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். அப்புறம் சரியாகிவிடும். நான் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்ப்பேன். யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத யோசனை.

இப்போது ஷூவுக்கு வருகிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆள் ஒருவன் கடையில் போய் ஷூ வாங்கினால் அது ஊரே சிரிக்கிற விஷயம். எல்லோர் காலிலும் சாம்பிள், இல்லாவிட்டால் கழித்துப்போட்ட ரிஜக்ட்தான். வசந்த் எட்டாம் நம்பர் ஆளாச்சே, அவன் காசு கொடுத்துச் செருப்புக்கூட வாங்கியதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் மலையேற நான்தான் ஏதாவது ஒரு ஜோடி எடுத்துக் கொடுப்பேன்.

சாம்பிள் ரூமின் கடைசி ராக்கில், மழைக்கு ஓதம் காக்கிற சுவரை ஒட்டி, ஒரு ஜோடி மலையேற்ற பூட்ஸ் இருந்தது. கொரோனா சமயத்தில் ரத்தான ஆர்டர். மேலே அருமையான தோல், கெட்டியான தையல், ஒரு குறை சொல்ல முடியாது. கீழே பி.யூ. சோல், ஒரு வகை நுரை பிளாஸ்டிக். அந்தச் சோலுக்கு ஒரு குணம் உண்டு. போட்டு நடந்துகொண்டே இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். போடாமல் ஓதத்தில் வைத்துவிட்டால் உள்ளுக்குள் உளுத்துப் போகும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரிப் பளபளப்பாக இருக்கும். மாட்டிக்கொண்டு ஒரு நாள், ஒன்றரை நாள் நடந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து மொத்தமாகக் கழன்று வந்துவிடும். நான் சோலின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். நல்ல சோலாக இருந்தால் தடம் மறைந்துவிடும். இதில் அப்படியே நின்றது.

பூட்ஸுக்குக் க்ரீம் தேய்த்துப் புது லேஸ் கோத்தேன். ஸ்டிச்சிங் ஆட்களுக்கு மேல்பாகம்தான் உலகம், சோலைப் பார்க்கத் தெரியாது. வசந்த் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிளாஸா இருக்குதுடா, ஒரு தையல் தப்பல" என்றான். நான் கீழே உட்கார்ந்து லேஸ் கட்டினேன். 

வருஷா வருஷம் மாட்டுப் பொங்கல் காலையில் படையல் முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிடுவோம். மூன்று நாள் நடை. அரிசி, பருப்பு, டென்ட், போர்வை எல்லாம் முதுகில். ஒடுகத்தூர் வரைக்கும் பஸ், அதற்கப்புறம் கால்தான். மலையூர்க்காரர் தனகோடி எங்களுக்கு வழிகாட்டியாக வருவார். வனத்துறைக்கு அலைந்து அனுமதி வாங்குவது என் வேலை. கறி சமைப்பது கலீமுல்லா வேலை. வசந்துக்கு வேலை எதுவும் கிடையாது. அவன் பேசிக்கொண்டு வந்தால் போதும், ஏற்றம் தெரியாது.

முதல் நாள் மண் பாதை, கால் வைத்தால் மெத்தென்று இருக்கும். சோல் தாங்கும் என்று எனக்குத் தெரியும், தாங்கியது. கலீமுல்லா ஒவ்வொரு வளைவிலும் மூட்டையை இறக்கி வைத்து, "அல்லா, கீழேயே ஒரு ரூம் போட்டு பிரியாணி சாப்ட்டிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வசந்த் அவன் மூட்டையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அப்படிப்பட்டவன். மாலையில் தனகோடி வீட்டுக்குப் பக்கத்தில் டென்ட் போட்டோம். அவர் மனைவி சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தாள். மலைத்தேனும் கிடைத்தது. கலீமுல்லாவுக்குத் தேன் என்றால் உயிர். அவனுக்கு ஊற்றிக் கொடுத்தது தனகோடிதான். "இன்னொரு டம்ளர் குடி பாய்" என்று சொன்னது மட்டும் நான்.

மறுநாள் காலை கலீமுல்லாவுக்கு வயிறு கலங்கிவிட்டது. நாலு அடி நடப்பான், புதர் தேடுவான். அவனைத் தனகோடி வண்டிப் பாதை வழியாக அடுத்த ஊருக்குக் கூட்டிப் போவது என்றும், நானும் வசந்தும் கழுதைமுதுகு வழியாகப் போய் மாலையில் அவர்களோடு சேர்ந்துகொள்வது என்றும் முடிவானது. முடிவு செய்தது நான்தான். கழுதைமுதுகு என்பது நீளமான மொட்டைப் பாறைத் தொடர். மேலே நின்றால் இந்தப் பக்கம் வேலூர், அந்தப் பக்கம் மலைக்குப் பின் மலை.

"ரெண்டே பேரா போறீங்க சாரு? பனி ஈரத்துல பாற வழுக்குமே" என்றார் தனகோடி.

"பழகின வழிதானே. வெயில் ஏறட்டும், போய்க்கறோம்" என்றேன்.

கிளம்பும் முன் வசந்தின் பையை நான்தான் சரிசெய்து கட்டினேன். அவனுடைய பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி உள்ளே இருந்தது. அதை எடுத்துத் தனகோடி வீட்டுக் கூடைக்கு அடியில் வைத்தேன். சுமை குறையட்டும் என்றுதான். அதை அவர் இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்துவிட்டார் என்று தெரிகிறது. மலையூர்க்காரர்கள் பொருளைப் பத்திரமாகச் சேர்ப்பிப்பார்கள்.

அந்தக் காலையைப் போல ஒரு காலை எனக்கு வாய்த்ததே இல்லை, மேடம். பனி விலக விலக ஒவ்வொரு மலையாக வெளியே வந்தது. நாங்கள் இரண்டே பேர். வசந்த் முன்னால், நான் பின்னால். கொய்யாப்பழம் ஒன்றைப் பிட்டுப் பாதி கொடுத்தான். எங்கள் பழைய மேனேஜர் மாதிரி நடந்து காட்டினான், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒரு இடத்தில் நின்று, "எத்தியோப்பியாலயும் மலைதானாம்டா. ஆனா இப்பிடி இருக்குமா?" என்றான். "இருக்காது" என்றேன். அந்தப் பதில் அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பாறைக்கு வந்ததும் சோல் உதிரத் தொடங்கியது. பின்னால் வந்த எனக்குத்தான் தெரிந்தது, ரஸ்க் தூள் மாதிரிச் சிந்திக்கொண்டே போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கணுக்கால் பிசகுவதற்கு ஏற்ற இடங்கள் அங்கே நிறைய இருந்தன. சின்னச் சின்னப் பள்ளம், உருண்டைக் கல், வேர். அவன் எல்லாவற்றையும் ஆட்டுக்குட்டி மாதிரித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அப்புறம் சரிவு வந்தது. வலப்பக்கம் வழுவழுப்பாக இறங்கி, கீழே ஒன்றுமில்லாமல் முடிகிற சரிவு. அதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவன், "ஹேமா அங்க போய்த் தோட்டம் போடப் போறாளாம். கொத்தமல்லி வெதயெல்லாம் இப்பவே பொட்டலம் கட்டி வெச்சிருக்கா" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது அடியில் வலதுகால் சோல் முழுசாகக் கழன்றது. அடியில் இருந்த அட்டை பாறையில் பட்டதும் அவன் வழுக்கிவிட்டான். கத்தக்கூட இல்லை. "டேய்" என்று மட்டும் சொன்னான், ஏதோ நான் தள்ளிவிட்டது மாதிரி. நான் அவனைத் தொடவே இல்லை.

கீழே ஒரு மேடை மாதிரிப் பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் விழுந்து நின்றான். பக்கவாட்டில் ஆலம்வேர்கள் இருந்தன, அவற்றைப் பிடித்து நான் இறங்கிப் போனேன். இடது தொடை முறிந்திருந்தது. வயிற்றில் கல் ஒன்று பலமாக அடித்திருந்தது. வெளியே ரத்தம் அதிகமில்லை. நல்ல நினைவோடு இருந்தான். நான் அவன் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நிம்மதியாக இருந்தது. கணுக்காலுக்குப் பதில் தொடை, அவ்வளவுதான் வித்தியாசம். எத்தியோப்பியா முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் போன் விழுந்த வேகத்தில் நொறுங்கிவிட்டது. "உன் போன்ல பாரேன்டா" என்றான். நான் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். டவர் நன்றாக இருந்தது. வேலூர்ப் பக்கம் வெட்டவெளியாகத் தெரிகிற இடம், இல்லாமல் எப்படி இருக்கும். பட்டனைத் தட்டினால் ஆம்புலன்ஸ், வனத்துறை, தனகோடி ஊர் ஆட்கள் என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். வந்தால் கூட்டம், கூச்சல், கேள்வி. கொஞ்ச நேரம் அவனோடு தனியாக உட்கார்ந்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம் என்று நினைத்தேன். இறங்கி வந்து, "சுத்தமா சிக்னல் இல்லடா" என்றேன்.

"சரி, வுடு. வருவானுங்க" என்றான்.

அந்த மதியம் எங்களுக்கு நன்றாகவே போனது. துண்டைக் கட்டி வெயில் மறைத்தேன். குச்சி வைத்துக் காலைக் கட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். கலீமுல்லாவின் அம்மா அன்வரி பேகம் கொடுத்தனுப்பிய ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன், இரண்டு வாய் சாப்பிட்டான். அவனைச் சிரிக்கவைக்க அவன் கல்யாணத்தில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னேன். சிரித்தான், சிரிக்கும்போது வயிறு வலிக்கிறது என்றான். இருங்கள், நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். மதியத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாக நேற்றே சொன்னீர்கள். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மதியத்தில் அவனைப் பார்த்திருந்தால் நீங்களும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

உண்மையில் நான் கூப்பிடத்தான் இருந்தேன். போனை எடுத்துக் கையில்கூட வைத்தேன். அப்போது அவன் கண்ணை மூடியபடியே, "கால்தானேடா. மூணு மாசம் கட்டு. அவங்க மேனேஜர்கிட்ட பேசினா எடத்த வெச்சிருப்பாரு, ரொம்ப நல்ல மனுஷன். ஏப்ரல்ல போய்க்கலாம்" என்றான். 

நான் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கோபமே இல்லை. பழுது கண்டுபிடிக்கிற வேலை செய்கிறவனுக்குக் கோபம் ஆகாது. ஒரு ஷூவில் குறை இருந்தால் அதன் மேல் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைப்போம், அவ்வளவுதான். தொடை முறிந்து கிடக்கும்போதும் இவன் போவதைப் பற்றியே நினைக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் யோசிக்க அவனுக்கு நேரம் கொடுப்போம் என்று உட்கார்ந்திருந்தேன்.

வெயில் சாய ஆரம்பித்ததும் அவன் முகம் வெளுத்தது. தண்ணீர், தண்ணீர் என்றான். கை சில்லென்று இருந்தது. "நீ போய் யாரயாச்சும் கூட்டி வாடா. நான் இருந்துப்பேன்" என்றான்.

"உன்னத் தனியா வுட்டுட்டுப் போவ மாட்டேன்டா" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அப்போதுதான் என் பையில் போன் அடித்தது. அந்த மேடையில் டவர் வரும், போகும். அந்த நேரம் பார்த்து வந்திருந்தது. ஹேமலதா. எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுக்காவிட்டால் அந்தப் பெண் பயந்துவிடுவாளே. வேர்களைப் பிடித்து நாலு அடி மேலே ஏறி நின்று பேசினேன். அந்த அழைப்பு விவரத்தை நீங்கள் போன் கம்பெனியிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். பேசியதையும் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, அவரு போனு காலையிலேர்ந்து போவவே மாட்டேங்குதுண்ணா. கலீமு அண்ணன் போனும் கெடைக்கல."

"சார்ஜ் பூட்ச்சிம்மா. அவன் முன்னாடி போய்ட்டிருக்கான்."

"சாப்ட்டாரா?"

"நல்லா சாப்ட்டாம்மா. ரொட்டி சாப்ட்டான்."

"பாத்துக் கூட்டிட்டு வாங்கண்ணா. இந்த ஒரு வாட்டிதான், அப்புறம் எங்க ஏறப் போறாரு."

"நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத" என்று வைத்துவிட்டேன். நல்ல பெண். அவளுக்கு என் மேல் எப்போதும் மரியாதை உண்டு. 

இறங்கி வந்தபோது வசந்த் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிதாக அவன் கண்களை நான் பார்த்ததில்லை.

"ஹேமாவா?" என்றான்.

"ஆமா. உன்னத்தான் கேட்டா. நல்லா இருக்கான்னு சொன்னேன்."

அவன் தலையை மறுபடி என் மடியில் வைக்கப் போனேன், கையால் தள்ளினான். அந்த நிலைமையிலும் கையில் நல்ல பலம் இருந்தது. பாறைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் சட்டையைக் கழற்றி அவன் மேல் போர்த்தினேன்.

நண்பர்களுக்குள் மறைவு இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். கேன்டீனில் கேள்விப்பட்டது, ராக்கிலிருந்து பூட்ஸை எடுத்தது, நகத் தடம், கேன்வாஸ் ஷூ, தேன், டவர், எல்லாம். எதையும் விடவில்லை. ஏன் செய்தேன் என்பதையும் பொறுமையாக விளக்கினேன், அவன் இல்லாமல் காலையில் அந்தப் பஸ்ஸில் ஏறுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு நாள் மனதில் கிடந்தது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிவிட்டது. எதிரே மலையெல்லாம் சிவந்து அவ்வளவு அழகாக இருந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் மன்னித்துவிட்டான் என்றுதான் இன்றுவரைக்கும் நினைக்கிறேன்.

இருட்டுவதற்கு முன் ஏறிப் போய், ஊரில் தனகோடியிடமும் கலீமுல்லாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஆட்கள் கட்டிலோடு வந்தார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அவன் உயிர் எப்போது போனது என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். மலை சிவந்திருந்தபோதா, வெளிச்சம் மங்கிய பிறகா என்று. எனக்கு எப்படித் தெரியும், மேடம். நான் பேசிக்கொண்டிருந்தேன்.